அறுக்காமல் அறிதல்

கறிக்காக ஆடு வளர்க்கிறவர்களுக்கு ஒரு பழைய சங்கடம் உண்டு. எந்தக் கிடாயின் உடம்பில் கறி அதிகம், எதில் கொழுப்பு அதிகம் என்பது அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். அறுத்த பிறகு தெரிந்து என்ன செய்வது? கறி நிறைந்த அந்த உடம்பு இனி எந்தப் பெட்டையையும் சினையாக்கப் போவதில்லை. அதன் நல்ல குணம் அன்றைக்கே தராசில் ஏறி, நாலு வீட்டுக் குழம்பில் முடிந்துவிடுகிறது. கால்நடை இனவிருத்தியின் வரலாற்றில் பெரும்பகுதி இந்தச் சங்கடத்திலிருந்து வெளியேற மனிதர்கள் பட்ட பாடுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. உயிரோடு நிற்கும் செம்மறிக் குட்டியின் முதுகில் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து, தோலுக்கடியில் எவ்வளவு கொழுப்பு, அதற்கடியில் எவ்வளவு தசை என்று பார்க்கும் முறை அந்தப் பாட்டின் அண்மைக்கால அத்தியாயம். சத்தியமங்கலத்து மேட்டுக்காட்டுப் பட்டிகளுக்கு இதனால் என்ன பயன் என்பது வெறும் தொழில்நுட்பக் கேள்வி அல்ல. எதைச் சாகக் கொடுக்கிறோம், எதை வாழ வைக்கிறோம் என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது.

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில், டிஷ்லி என்ற இடத்தில் பண்ணை வைத்திருந்த ராபர்ட் பேக்வெல் (1725–1795) இந்தச் சங்கடத்தோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியவர். அறுத்த ஆடுகளின் எலும்புக்கூடுகளையும் உப்புநீரில் போட்டுவைத்த கறித்துண்டுகளையும் தன் வீட்டிலேயே வைத்திருந்து, எலும்பின் பருமனையும் கொழுப்பின் கனத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். கிடாய்களை அவர் விற்கவில்லை. ஒரு பருவத்துக்கு வாடகைக்கு விட்டார். போன இடத்தில் அவற்றின் குட்டிகள் எப்படித் தேறுகின்றன என்று கவனித்தார். எந்தக் கிடாயின் குட்டிகள் நன்றாக வந்தனவோ அந்தக் கிடாய் அவருக்குத் திரும்பக் கிடைத்தது, உயிரோடு. குட்டியைப் பார்த்துத் தகப்பனை மதிப்பிடும் இந்த வழி நல்ல வழிதான். ஆனால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கையில் காசும் நிறைய மந்தையும் வேண்டும். நாற்பது ஆடு வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு அது எட்டாது.

எட்டாதவர்கள் கையை நம்பினார்கள். புன்செய் புளியம்பட்டியில் வியாழக்கிழமைச் சந்தைக்குப் போனால் அந்தக் கை வேலை செய்வதைப் பார்க்கலாம். வியாபாரி ஆட்டின் முகத்தைப் பார்ப்பதே இல்லை. பக்கவாட்டில் நின்று, கடைசி விலா எலும்புக்குப் பின்னால் இடுப்பின்மேல் உள்ளங்கையைக் கவிழ்த்து வைக்கிறார். கட்டைவிரல் முதுகுத்தண்டின் மேட்டில் நிற்க, மற்ற விரல்கள் பக்கவாட்டு எலும்பு முனைகளுக்கு அடியில் புகுந்து ஒரு அழுத்து அழுத்துகின்றன. முனை கூராகக் குத்தினால் ஆடு வற்றல். தேடினால்தான் தட்டுப்படும் என்றால் தேறின ஆடு. தேடியும் தட்டுப்படாவிட்டால் கொழுப்பு ஏறிய ஆடு. இதற்கு இரண்டு மூச்சு நேரம் போதும். பிறகு துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசப் போய்விடுகிறார்கள். எடை போட்டு வாங்குவதுதானே நியாயம் என்று ஒரு வயதான வியாபாரியிடம் கேட்டேன். “தராச நம்பாதீங்க தம்பி. காலைல தண்ணி காட்டி ஓட்டியாந்த குட்டி ரண்டு கிலோ சேத்திக் காட்டும். முதுகு அப்படிப் பொய் சொல்லாதுங்க” என்றார்.

அவர் சொன்னது அறிவியலும் ஒப்புக்கொள்ளும் உண்மை. அசைபோடும் பிராணியின் வயிற்றில் கிடக்கும் தீனியும் தண்ணீரும் உயிர் எடையில் பத்திலிருந்து இருபது சதவீதம் வரை இருக்கலாம். அவருடைய கைப்பழக்கத்துக்கும் ஆய்வுலகில் ஒரு பெயர் இருக்கிறது. 1961இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஜெஃப்ரிஸ் என்பவர், இடுப்பெலும்பைத் தடவி ஆட்டின் உடல்நிலைக்குப் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போடும் முறையை எழுதி வைத்தார். 1969இல் ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள் அதைச் சோதித்து, உடம்பிலுள்ள கொழுப்போடு அந்த மதிப்பெண் நன்றாகவே ஒத்துப்போகிறது என்று காட்டினார்கள். இன்று உலகெங்கும் கால்நடைக் கல்லூரிகளில் சொல்லித்தரும் பாடம் அது. புளியம்பட்டியில் அதை யாரும் எழுதி வைக்கவில்லை. கையிலிருந்து கைக்குப் போனது. கை ஓய்ந்தால் கூடவே ஓய்ந்துவிடும். ஒரு கை சொன்னதை இன்னொரு கை சரிபார்க்கவும் வழி இல்லை. போன வருஷத்துக் குட்டியை இந்த வருஷத்துக் குட்டியோடு ஒப்பிடவும் முடியாது. கருவிக்கு இடம் பிறப்பது இங்கேதான்.

அல்ட்ராசவுண்டுக்கு முந்திய கருவி கொஞ்சம் கொடுமையானது. 1952இல் அமெரிக்காவின் அயோவாவில் ஹேசல், கிளைன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், உயிருள்ள பன்றியின் முதுகுத்தோலில் சின்னதாகக் கீறி, ஒரு மெல்லிய உலோக அளவுகோலை உள்ளே இறக்கினார்கள். கொழுப்பு இலகுவாக வழிவிடும், தசை தடுக்கும். தடுத்த இடம்வரை உள்ள ஆழமே கொழுப்பின் கனம். பன்றி பிழைத்தது, அளவும் கிடைத்தது. அறுக்காமல் அறியலாம் என்று நிரூபித்தது அந்தச் சிறு கீறல்தான். அந்தப் பத்தாண்டிலேயே, கடலடிப் பொருள்களைக் கண்டறியப் பயன்பட்ட ஒலியலை மருத்துவத்துக்குள் நுழைந்தது; கூடவே கால்நடைக் கொட்டிலுக்கும் வந்தது. 1958இல் கிளாஸ்கோவில் இயன் டொனால்டும் அவருடைய கூட்டாளிகளும் மனித வயிற்றுக்குள்ளிருக்கும் கட்டிகளையும் கருவையும் ஒலியால் படம் பிடித்து வெளியிட்ட காலமும், மாட்டின் முதுகுத் தசையை ஒலியால் அளக்க முயன்ற காலமும் ஒன்றுதான்.

வேலை செய்யும் விதம் எளிமையானது. மனிதக் காது வினாடிக்கு 20,000 அதிர்வுக்கு மேல் கேட்காது. ஆட்டுக்குப் பயன்படும் கருவி வினாடிக்கு 35 லட்சத்திலிருந்து 50 லட்சம் அதிர்வுகள் கொண்ட ஒலியை அனுப்புகிறது. மென்மையான உடல்திசுவில் அது வினாடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் போகும். ஒரு திசு முடிந்து வேறொன்று தொடங்கும் எல்லையில் ஒலியின் ஒரு பங்கு திரும்பி வரும். கிணற்றுக்குள் குரல் கொடுத்து, திரும்பும் ஓசையை வைத்து ஆழம் சொல்வதைப் போலத்தான். மூன்று சென்டிமீட்டர் ஆழத்திலுள்ள எல்லையைத் தொட்டுத் திரும்ப, ஒரு வினாடியைப் பத்து லட்சமாகக் கூறுபோட்டால் அதில் 39 கூறு நேரம் ஆகிறது. கருவி அந்த நேரத்தை அளந்து ஆழமாக மாற்றித் திரையில் காட்டுகிறது.

குட்டியை அசையாமல் நிறுத்த ஒரு ஆள் வேண்டும். முதுகு வளைந்தால் தசையின் வடிவமும் மாறிவிடும். காற்று இந்த ஒலியின் எதிரி. ரோமத்துக்குள் சிக்கிய காற்று அலையைத் தோலிலேயே திருப்பி அனுப்பிவிடும். அதனால் இடத்தைக் கத்தரித்துச் சுத்தம் செய்து, எண்ணெயோ கூழோ தடவுகிறார்கள். இந்த விஷயத்தில் நம் மேச்சேரி ஆட்டுக்கு ஒரு சௌகரியம்: கம்பளி இல்லாத, குட்டை முடி ஆடு அது. முரட்டுக் கம்பளி போர்த்திய குறும்பை ஆட்டுக்குக் கத்தரி வேண்டும். ஆஸ்திரேலியாவில் 12ஆம் விலா எலும்பின்மேல், முதுகுத்தண்டிலிருந்து 45 மில்லிமீட்டர் தள்ளி அளக்கிறார்கள்; பிரிட்டனில் இடுப்பின் மூன்றாம் முதுகெலும்புக்கு மேல். திரையில் முதலில் தோல் ஒரு வெள்ளைக் கோடாக வரும். அதற்கடியில் ஒரு மெல்லிய கருமை; அதுதான் கொழுப்பு. மறுபடி ஒரு வெள்ளைக் கோடு. அதற்குக் கீழே, சாம்பல் நிறத்தில் முட்டை வடிவமாக முதுகுத் தசை படுத்திருக்கும். அடியில் எலும்பின் பளிச்சென்ற விளிம்பு. அதற்குக் கீழே ஒலி போகாததால் இருட்டு. படத்தை நிறுத்தி, கோட்டிலிருந்து கோட்டுக்கு அளக்கிறார்கள். நன்கு வளர்ந்த பிரிட்டிஷ் குட்டிக்குத் தசையின் ஆழம் பெரும்பாலும் 25 முதல் 35 மில்லிமீட்டர் இருக்கும். மூச்சு விடும்போது அந்தச் சாம்பல் வடிவம் லேசாக அசைவதும் தெரியும். அதுவரை கறிக்கடைக் கட்டையில் மட்டுமே மனிதன் பார்த்திருந்த ஒன்று, உயிரோடு மூச்சு வாங்குகிறது.

இந்த அளவில் தெரியும் வித்தியாசத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை பரம்பரையாக வருகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. தகப்பனைத் தேர்ந்தெடுத்தால் குட்டிகளில் பலன் தெரியும் என்பதற்கு அது போதும். 1989இல் ஆஸ்திரேலியா தொடங்கிய லாம்ப்பிளான் திட்டம், எடையோடு இந்த இரண்டு அளவுகளையும் சேர்த்தே கிடாய்களுக்கு மதிப்பீடு கொடுக்கிறது. நம் நாட்டில் செம்மறி இனமேம்பாட்டுக்கு இன்றுவரை பெரும்பாலும் ஆறுமாத எடைதான் அளவுகோல். சேலம் மாவட்டம் பொட்டனேரியில், மேச்சேரி இனத்துக்கென்றே 1978இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது; இப்போது தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. இப்படிப்பட்ட நிலையங்கள் எடையை வைத்துச் செய்த தேர்வு வீண் போகவில்லை. ஆனால் எடை என்பது கறி, எலும்பு, கொழுப்பு, தோல், வயிற்றுத்தீனி எல்லாம் சேர்ந்த தொகை. எடையை மட்டும் துரத்தினால் ஆடு மொத்தத்தில் பெரிதாகும். பெரிய பெட்டைக்குப் பெரிய தீனி வேண்டும். கீழ்பவானி வாய்க்கால் பாயாத மேட்டுக்காட்டில், சித்திரை வைகாசியில், அந்தத் தீனி எங்கிருந்து வரும்? அதே எடைக்குள் கறி கூடியது எது என்று பிரித்துக் காட்டும் அளவு நமக்குத்தான் அதிகம் தேவை.

ஆனாலும், கருவியை அப்படியே இறக்கிக்கொண்டு வந்து நம் ஆட்டின் முதுகில் வைத்துவிட முடியாது. திரையில் தெரிவது இரண்டு ஆழங்கள் மட்டும்தான். அவற்றிலிருந்து முழு உடம்பின் கறி எவ்வளவு என்று சொல்ல ஒரு சமன்பாடு வேண்டும். அந்தச் சமன்பாடு எப்படிக் கிடைத்தது? ஆடுகளை முதலில் உயிரோடு அளந்து, பிறகு அறுத்து, கறி வேறு, எலும்பு வேறு, கொழுப்பு வேறு என்று கத்தியால் பிரித்து நிறுத்து, இரண்டையும் பொருத்திப் பார்த்துத்தான். அறுக்காமல் பார்க்கும் கண் அறுத்துக் கற்றுக்கொண்ட கண். அது பெரும்பாலும் கற்றது டெக்சல், சஃபோக் போன்ற குளிர்நாட்டு ஆடுகளிடம். அவற்றின் உடம்பு வேறு.

எவ்வளவு வேறு என்பது கறிக்கடைக்காரர்களுக்குத் தெரியும். குளிர்நாட்டுக் கறியினங்கள் கொழுப்பில் பெரும்பங்கைத் தோலுக்கடியில் போர்வையாகச் சேர்க்கின்றன. வெப்பநாட்டு முடியாடுகள் உள்ளே சேர்க்கின்றன: குண்டிக்காயைச் சுற்றி, குடலைச் சுற்றி. வெயிலில் மேயும் பிராணிக்குத் தோலுக்கடியில் போர்வை பாரம். காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொரங்காடுகளில் கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேல நெற்றும் தின்று வளரும் ஆட்டின் முதுகில் கொழுப்பு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் தேறும். கருவியின் அலைநீளமே அரை மில்லிமீட்டருக்கு அருகில் இருக்கிறது. அளக்கிறவர் கையால் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் கணக்குப் பாழ். முதுகில் கொழுப்பே இல்லை என்று திரை காட்டும் ஆட்டை அறுத்தால், குண்டிக்காயைச் சுற்றி வெள்ளையாக அடுக்கியிருக்கும். ஆகவே நம் ஆட்டுக்குத் தசையின் ஆழத்தை அதிகமாகவும் முதுகுக் கொழுப்பைக் குறைவாகவும் நம்ப வேண்டியிருக்கும். மேச்சேரிக்குத் தனியாக, குறும்பைக்குத் தனியாக, நம் ஆடுகளை அறுத்து நிறுத்து, நம் சமன்பாட்டை நாமே எழுத வேண்டும்.

அந்த உள்கொழுப்பை வீண்பொருள் என்று நினைக்கவும் கூடாது. மழை பெய்து புல் முளைக்கும் மாதங்களில் சேர்த்து, காடு காய்ந்த மாதங்களில் கரைத்து, குட்டிக்குப் பால் கொடுத்து, அடுத்த மழை வரைக்கும் உயிரைப் பிடித்துவைத்திருக்க ஆட்டுக்கு அதுதான் இருப்பு. 2013இல் சத்தியமங்கலம் காடு புலிகள் காப்பகமான பிறகு, கோடையில் காட்டுக்குள் ஓட்டிப் பிழைக்கலாம் என்ற பழைய வழியும் குறுகிவிட்டது. கொழுப்பில்லாத கறிதான் நல்ல கறி என்ற நகரத்து ஆசையை வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாகக் கொழுப்பைக் கழித்துக்கொண்டே போனால், ஒரு பஞ்ச வருஷத்தில் பட்டி மொத்தமும் சரியும். பேக்வெல்லின் நியூ லெஸ்டர் ஆட்டுக்கு நேர்ந்தது இதற்குத் தலைகீழ். அன்றைக்குக் கொழுப்புக்கு மவுசு இருந்ததால் கொழுப்பை நோக்கித் தேர்ந்தெடுத்தார். அடுத்த நூற்றாண்டில் ஜனங்களின் நாக்கு மாறியது. அந்த ஆட்டின் செல்வாக்கு சரிந்தது. எதை அளக்கிறோமோ அதுவாகவே ஆடு மாறுகிறது. அளக்காமல் விட்டது சத்தமில்லாமல் கழிந்துபோகிறது. மேச்சேரி ஆட்டின் தோல் பதனிடும் தொழிலில் பேர்போனது. அதன் வெயில் தாங்கும் திறனும் நடை தாங்கும் காலும் எந்தத் திரையிலும் வராது. அவற்றையும் கணக்கில் வைத்துக்கொண்டே திரையைப் பார்க்க வேண்டும்.

தேர்ந்தெடுப்பதற்கென்றே செய்த ஒரு கருவியைப் பற்றி இந்த மண்ணில் எழுதும்போது இன்னொன்றையும் சொல்லாமல் போக முடியாது. இதே ஒலி, இதே திரை, மனிதக் கருவின் பாலினத்தைத் தேடவும் பயன்பட்டது. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் தொடங்கிய இடம் பொட்டனேரி இருக்கும் அதே சேலம் மாவட்டம். கருவின் பாலினம் அறிவதைத் தடைசெய்யும் சட்டம் 1994இல் வந்தது, 2003இல் கடுமையாக்கப்பட்டது. 2001 கணக்கெடுப்பில் சேலத்தில் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். ஆட்டையும் மனிதரையும் ஒரே தட்டில் வைக்க நான் வரவில்லை. உள்ளே பார்க்கக் கிடைத்த கண்ணுக்கு எதை வாழவிடுவது என்ற புத்தி தானாகக் கிடைத்துவிடாது என்பதை இந்தக் கொங்கு மண் விலைகொடுத்துக் கற்றிருக்கிறது. கற்றதை ஆட்டுப்பட்டியிலும் மறக்கக் கூடாது.

பட்டியில் இப்போது நடப்பது என்ன? குட்டி மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் விலைபோகிறது. வியாபாரி வந்தால் முதலில் கை வைப்பது பெருத்த கிடாய்க்குட்டியின்மேல். பள்ளிக்கூடக் கட்டணம், ஆஸ்பத்திரிச் செலவு, சீர் என்று ஏதாவது ஒன்று நிற்கிறது. கொடுத்துவிடுகிறார்கள். ஆடி நோன்பும் தீபாவளியும் பக்ரீத்தும் கிடாவெட்டு விருந்துகளும் பட்டியின் மிகச் சிறந்த ஆண்களை வரிசையாக அழைத்துக்கொண்டு போகின்றன. விலைபோகாமல் மிஞ்சிய சோனிக் கிடாய்தான் அடுத்த தலைமுறைக்குத் தகப்பனாகிறது. யாரும் திட்டமிடாமலே, ஒவ்வோர் ஆண்டும், மோசமானதைத் தேர்ந்தெடுக்கும் இனவிருத்தி நடந்துகொண்டிருக்கிறது. 2019 கணக்குப்படி தமிழ்நாட்டில் இருக்கும் ஏறத்தாழ 45 லட்சம் செம்மறிகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட சின்னச் சின்னப் பட்டிகளில்தான் இருக்கின்றன. ஆராய்ச்சி நிலையத்துக்குள் நடக்கும் நல்ல தேர்வு அந்தக் கணக்கை மாற்ற, நல்ல கிடாய் நிலையத்தின் வேலியைத் தாண்டி வெளியே வர வேண்டும். வந்த கிடாய் சந்தைக்குப் போகாமல் இருக்கவும் வேண்டும்.

அல்ட்ராசவுண்டின் உண்மையான மதிப்பு எனக்கு இங்கேதான் தெரிகிறது. எது நல்ல கறி என்று சொல்வது அதன் சின்ன வேலை. புளியம்பட்டி வியாபாரியின் கையே அதை ஓரளவு சொல்லிவிடும். எந்தக் கிடாயை அறுக்கக் கூடாது என்று, அது சாவதற்கு முன்பே, எழுத்தில், அடுத்த ஊர்க்காரரும் நம்பும்படி சொல்வதுதான் அதன் பெரிய வேலை. கறிக்காகச் செய்த கருவிதான். சரியாகப் பயன்படுத்தினால் ஒரு கிடாயின் ஆயுளை நீட்டும்.

அப்படி நீட்டுவது நம் ஊருக்குப் புதிதும் அல்ல. குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட கிடாயை எவ்வளவு விலைக்குக் கேட்டாலும் கொடுக்காமல் வைத்திருக்கிற குடும்பங்கள் இங்கே உண்டு. சொல் கொடுத்தால் கஷ்டத்திலும் காப்பாற்றுகிறார்கள். ஊர்ப்பொதுவில் பொலிகிடாய் ஒன்றை விட்டுவைப்பதற்கு அந்த மன உறுதி போதுமானது. இல்லாதது பணம் மட்டும்தான். நல்ல கிடாயை விற்காமல் வைத்திருக்கிற பட்டிக்காரர், ஊர் மொத்தத்துக்கும் கிடைக்கப்போகும் நன்மைக்காகத் தன் ஒரு வருஷத்து லாபத்தை இழக்கிறார். அந்த இழப்பை அவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை.

கையில் தூக்கிக்கொண்டு போகிற அளவுக்குக் கருவி சிறுத்துவிட்டது. பொட்டனேரியிலிருந்து மேட்டூர், அந்தியூர் வழியாக அது சத்தியமங்கலத்துப் பட்டிகளுக்கு வரட்டும். நம் ஆட்டை அறுத்து எழுதிய நம் சமன்பாட்டோடு வரட்டும். வரும்போது, அளந்து தேர்ந்தெடுத்த கிடாய்க்கு ஆடி மாதத்து விலையைப் பட்டிக்காரர் கையில் கொடுக்கும் பணத்தோடும் வரட்டும். இரண்டு வருஷம் ஒரு பட்டியில், பிறகு தன் மகள்களையே சினையாக்காதபடி அடுத்த ஊர்ப் பட்டியில் என்று அந்தக் கிடாய் சுற்றி வரலாம். பேக்வெல் தன் லாபத்துக்காகச் செய்ததை இங்கே ஊர்கள் தங்களுக்குள் செய்துகொள்ளலாம். அந்தப் பணத்துக்கு ஏற்பாடு இல்லாமல் கருவியை மட்டும் அனுப்பினால், நல்ல கிடாய் எது என்பது வியாபாரிக்கு இன்னும் தெளிவாகத் தெரியும். அது இன்னும் சீக்கிரம் சந்தைக்குப் போகும்.